கேட்காமல் எடுத்த தலைப்பு

சலவைப் பிரிவில் அவளுக்குக் காலேஜ் என்று பெயர். முப்பத்தெட்டு வயதில், பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகளை வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பகுதிநேரப் பட்டப்படிப்புக்குப் போகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? "காலேஜ், அந்த வண்டியக் கொஞ்சம் தள்ளு" என்பார்கள். "காலேஜ், நேத்து பாடம் ஜாஸ்தியா? கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு" என்பார்கள். அதில் கேலியும் இருந்தது, நம்மில் ஒருத்தி படிக்கிறாள் என்ற பெருமையும் இருந்தது. அவளும் திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டாள்.

பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியவள்தான். அந்த வருடம் வீட்டில் ஒருவரைத்தான் மேலே படிக்க வைக்க முடியும் என்றிருந்தது; தம்பி படித்தான். அதைப் பற்றி அவள் யாரிடமும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. கல்யாணம் ஆகி, மகள் பள்ளிக்குப் போன பிறகு, ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. மகள் தன் பாடத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் வயதுக்கு வந்ததும் ஒருநாள் கணவரிடம், "நான் சமூகவியல் சேரலாம்னு இருக்கேன்" என்றாள். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த அவர், "அப்படின்னா என்ன?" என்று கேட்டார். அவள் சொன்னாள். "சரி, ஞாயித்துக்கிழமை சமையல் நான் பாத்துக்கிறேன்" என்றார். அவ்வளவுதான், சேர்ந்துவிட்டாள்.

சலவைப் பிரிவு ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. வார்டுகளிலிருந்து படுக்கை விரிப்பும் போர்வையும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். துவைக்கிற மெஷின் நாலு, உலர்த்துகிற மெஷின் இரண்டு, சூடான உருளைகளுக்கு நடுவே விரிப்பை விட்டுத் தேய்த்து எடுக்கிற மெஷின் ஒன்று. ஆக ஏழு. அந்த ஏழையும் காலை ஏழு மணியிலிருந்து மாலை மூன்றரை வரை ஏழு பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். உட்கார நாற்காலி கிடையாது. ஈரத் தரையில் நாற்காலி போட்டால் வண்டி தள்ள இடைஞ்சல் என்று எப்போதோ ஒரு உத்தரவு வந்திருந்தது. சாப்பாட்டு வேளை அரை மணி நேரம் தவிர நின்றபடியே வேலை.

அதனால் அந்தப் பெண்கள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். மடித்த துணிகளை அடுக்கும் ஸ்டோர் ரூமில், போர்வை அலமாரிக்குப் பின்னால், ஒரு ஆள் படுக்கும் அளவுக்கு இடம் இருந்தது. கழித்துக் கட்டிய மெத்தை ஒன்றை அங்கே போட்டிருந்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ஒருத்தி மாற்றி ஒருத்தி போய் இருபது நிமிடம் படுத்துவிட்டு வருவாள். சிவப்புத் துணிக் கிளிப் ஒன்று இருந்தது. படுத்து எழுந்து வருகிறவள் அதை அடுத்தவளின் தோளில் குத்திவிட்டால், அவள் முறை. யாராவது எங்கே என்று கேட்டால், "எட்டாவது மெஷின்ல இருக்கா" என்பார்கள். வெளியாள் யாருக்கும் அது விளங்காது.

இந்த ஏற்பாட்டை ஆரம்பித்தது பெரியக்கா. இருபத்திரண்டு வருடமாக அங்கே வேலை பார்ப்பவர். இரண்டு முழங்காலிலும் இழுத்துக் கட்டிய பட்டையோடுதான் நடப்பார். மேற்பார்வையாளர் ஒருவர் உண்டு. அவருக்கு விசில் என்று பெயர். எப்போது பார்த்தாலும் ஏதோ ஒரு மெட்டை விசிலடித்தபடிதான் படியிறங்கி வருவார். அவர் கடைசிப் படிக்கு வருவதற்குள் எட்டாவது மெஷினில் இருப்பவள் எழுந்து, கையில் நாலு போர்வையோடு வெளியே வந்துவிடுவாள்.

இப்படி இருக்கும்போதுதான் கல்லூரியில் கட்டுரை வந்தது.

இரண்டாம் வருடத்தில் ஒரு நீண்ட கட்டுரை எழுத வேண்டும். தலைப்பை அவரவரே தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு மூன்று வாரம் அவகாசம். அவள் ஒரு தாளில் பதினோரு தலைப்பு எழுதிக்கொண்டு போனாள். விரிவுரையாளர் அவளைவிட ஒன்பது வயது இளையவர், வேகமாகப் பேசுகிறவர். தாளை வாங்கி மேலிருந்து கீழே பார்த்தார்.

"பெண் கல்வி. இது போன வருஷம் நாலு பேர் எழுதினாங்க. செல்போனும் இளைஞர்களும், இது ஆறு பேர்."

"அப்போ இது, மேடம்? நகர நெரிசல்."

"இதுல உங்களுக்கு என்ன தெரியும்? பேப்பர்ல படிச்சதுதானே?"

"ஆமா மேடம்."

"உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச விஷயம்னு ஏதாவது இருக்கும். எனக்குத் தெரியாதது, இந்த கிளாஸ்ல யாருக்குமே தெரியாதது. அத எடுங்க."

பஸ்ஸில் வரும்போது அதையே யோசித்தபடி வந்தாள். ரத்தக் கறையை வெந்நீரில் போட்டால் ஒட்டிக்கொள்ளும், பச்சைத் தண்ணீரில்தான் போக்க வேண்டும். அது அவளுக்குத் தெரியும். எந்த விரிப்பு எந்த வார்டிலிருந்து வந்தது என்று வாசனையை வைத்தே சொல்வாள். இதையெல்லாம் சமூகவியலில் எங்கே கொண்டுபோய் வைப்பது? இரண்டு வாரம் இப்படியே போயிற்று. மகள்கூட, "ஏம்மா, தலைப்புக்கே இப்படின்னா கட்டுரைய எப்ப எழுதுவ?" என்று கேட்டுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் யாரோ அவள் தோளில் சிவப்புக் கிளிப்பைக் குத்தினார்கள். ஸ்டோர் ரூமுக்குப் போய், போர்வைகளுக்குப் பின்னால் காலை நீட்டிப் படுத்தாள். கண்ணை மூடினாள். மூடிய கண்ணுக்குள் தலைப்பு வந்து நின்றது. தான் அதன் மேலேயே படுத்துக்கொண்டிருப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அன்றைக்கு அவள் தூங்கவில்லை. இருபது நிமிடமும் கூரையைப் பார்த்து, முதல் பத்தியை மனசுக்குள் எழுதினாள்.

அடுத்த ஞாயிறு விரிவுரையாளரிடம் சொன்னபோது, அவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"எட்டாவது மெஷின்னா சொல்றாங்க?"

"ஆமா மேடம்."

"இதுதாங்க. இதுதான் தலைப்பு. இத விட்டுடாதீங்க." பிறகு மேஜை டிராயரைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தார். "ஆனா ஒண்ணு. அவங்க எல்லார்கிட்டயும் விஷயத்தச் சொல்லி, சம்மதம் வாங்கணும். எத்தனை பேர்னு போட்டு நீங்க கையெழுத்துப் போடணும். சம்மதம் இல்லாம எழுதக்கூடாது. சரியா?"

"சரி மேடம்" என்று படிவத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

கேட்கத்தான் நினைத்தாள். திங்கட்கிழமை சாப்பாட்டு வேளையில் வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்துப் பெரியக்கா தன் மருமகளைப் பற்றி ஏதோ சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். இப்போது வேண்டாம் என்று மூடிக்கொண்டாள். புதன்கிழமை பெரியக்காவோடு தனியாக மாட்டினாள். இருவரும் ஒரு விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, நம்ம எட்டாவது மெஷினப் பத்தி யாராவது கேட்டா..."

பெரியக்காவின் கை நின்றது. "யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. சும்மா சொன்னேன்."

"சும்மாகூடச் சொல்லாத. அது போச்சுன்னா நான் இந்த வேலைய விட வேண்டியதுதான்."

அவளுக்கு அப்போதே பதில் கிடைத்துவிட்டது. கேட்டால் வேண்டாம் என்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் எழுத முடியாது. கேட்கவே இல்லையென்றால் யாரும் வேண்டாம் என்று சொன்னதாக ஆகாது. இந்தக் கணக்கு எவ்வளவு கோணலானது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் போட்டாள். ஆஸ்பத்திரியை ஓட்டல் என்று மாற்றி எழுதினால் போதும், யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். சனிக்கிழமை சமையலறை மேஜையில் படிவத்தை விரித்து, 'ஒப்புதல் அளித்தவர்கள்' என்ற இடத்தில் ஆறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மை காயும்வரை ஊதினாள்.

இரண்டு வாரம் மேலங்கிப் பையில் ஒரு சின்ன நோட்டை வைத்துக்கொண்டு குறிப்பெடுத்தாள். என்ன எழுதுகிறாய் என்று கேட்டவர்களிடம் காலேஜ் பாடம் என்றாள். அது பொய்யும் இல்லை. யார் எத்தனை நிமிடம் படுக்கிறார்கள், உடம்பு சரியில்லாதவளுக்கு யார் தன் முறையை விட்டுக்கொடுக்கிறாள், விசில் சத்தம் எத்தனை படி முன்னால் கேட்கிறது, எல்லாம் நோட்டில் ஏறியது. ஒருநாள் போர்வை எடுக்கப் போனபோது அலமாரி இடுக்கு வழியாகப் பெரியக்காவைப் பார்த்தாள். அவர் தூங்கவில்லை. முழங்கால் பட்டைகளைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். சத்தம் போடாமல் திரும்பி வந்தாள். அதையும் எழுதினாள்.

கட்டுரையை மகள்தான் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தாள். பாதியில் நிறுத்தி, "அம்மா, இதெல்லாம் நிஜமா?" என்று கேட்டாள். நிஜம்தான் என்றதும், அம்மாவை முதல்முறை பார்ப்பது போலப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காகவே எத்தனை கட்டுரை வேண்டுமானாலும் எழுதலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு வந்தது. அந்த வருடத்தின் சிறந்த மூன்று கட்டுரைகளைக் கல்லூரி அரங்கத்தில் படிப்பது வழக்கம். அதில் ஒன்று அவளுடையது. சுற்றுவட்டாரத்து நிறுவனங்களிலிருந்து விருந்தினர்களை அழைத்திருந்தார்கள். மேடையேறக் கூச்சமாக இருக்கிறது என்றதால் விரிவுரையாளரே படித்தார். கணவரும் மகளும் நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். எட்டாவது மெஷின் என்ற பெயரைப் படித்தபோது அரங்கமே சிரித்தது. முழங்கால் பட்டை வந்த இடத்தில் அமைதியானது. அவள் தலையைக் குனிந்துகொண்டு, இரண்டையும் ஆசையாகக் கேட்டாள்.

முடிந்ததும் முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். நல்ல உயரம், மடிப்புக் கலையாத சட்டை. "ரொம்ப நல்லா இருந்துச்சும்மா. நிர்வாகத்துல இருக்கிற எங்களுக்கெல்லாம் இது தெரியறதே இல்ல. எந்த ஓட்டல்?" என்றார்.

"அது வேண்டாம் சார்."

"கரெக்ட், கரெக்ட். சொல்லக்கூடாதுல்ல." சிரித்துவிட்டுப் போனார்.

புதன்கிழமை காலை பத்தரை மணிக்குச் சலவைப் பிரிவின் படிகளில் நாலைந்து பேர் இறங்கி வரும் சத்தம் கேட்டது. விசில் சத்தம் இல்லை. முன்னால் வந்தவர் அதே உயரமான மனிதர். அந்த ஆஸ்பத்திரியின் நிர்வாக அதிகாரி அவர்தான். மேல்தளத்திலேயே இருப்பவர், பன்னிரண்டு வருடத்தில் அவள் அவரைக் கண்டதே இல்லை. நடுக்கூடத்தில் நின்றுகொண்டு, ஆள்காட்டி விரலால் மெஷின்களை எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழில் விரல் நின்றது. பக்கத்தில் நின்ற மேற்பார்வையாளரைப் பார்த்து, "ஸ்டோர் ரூமத் திறங்க" என்றார்.

அவள் உருளையிலிருந்து அப்போதுதான் வந்த விரிப்பை எடுத்து, இரண்டு கையாலும் உயரத் தூக்கி, முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டாள். சூடு கையைச் சுட்டது. அவர்கள் போகும்வரை அதை இறக்கவில்லை.

அவர் யாரையும் திட்டவில்லை, தண்டிக்கவும் இல்லை. உலர்த்துகிற மெஷின்களுக்குப் பக்கத்தில், போர்வைக் குவியலுக்கு நடுவே ஆள் படுப்பது தீ விபத்து நேரத்தில் ஆபத்து என்று மட்டும் சொன்னார். அது உண்மையும்தான். மதியத்துக்குள் மெத்தை போய்விட்டது. அலமாரி சுவரோடு ஒட்டி நகர்த்தப்பட்டது. ஸ்டோர் ரூமுக்குப் பூட்டு வந்தது. அன்று பெரியக்கா மூன்று மணிக்குத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது.

யார் சொன்னது என்ற பேச்சு அன்றே தொடங்கியது. ஓட்டல் பற்றிய கட்டுரை ஒன்று எங்கோ ஓர் அரங்கத்தில் படிக்கப்பட்டது அவர்கள் யாருக்கும் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், மூன்று மாதத்துக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்த ஒருத்தியும் மேற்பார்வையாளரும் ஒரே பஸ்ஸில் போய் வருகிறார்கள் என்பதுதான். அவளைப் புதுசு என்று கூப்பிடுவார்கள். இருபத்தாறு வயது. எல்லோரிடமும் வலியப் போய்ப் பேசுகிறவள்.

"பஸ்ல ஒரு மணி நேரம் என்னதான் பேசிட்டுப் போவா?" என்றாள் ஒருத்தி.

"வந்து மூணு மாசம்தான் ஆகுது, அதுக்குள்ள வேலையக் காட்டிட்டா" என்றாள் இன்னொருத்தி.

காலேஜ் இதை மூன்றடி தள்ளி நின்று கேட்டாள். நான்தான் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். சொல்லாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு நகர்ந்தாள்.

அடுத்த நாளிலிருந்து புதுசுவிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் வந்து உட்கார்ந்தால் பேச்சு நின்றது. விரிப்பை மடிக்க மறுமுனையைப் பிடிக்க ஆள் வரவில்லை. ஒற்றை ஆளாகக் கைகளை அகல விரித்து, முகவாயில் இடுக்கிக்கொண்டு மடித்தாள். அந்த வாரக் கடைசியில் அவளே போய்க் கேட்டு, அழுக்குத் துணி பிரிக்கும் அறைக்கு மாற்றிக்கொண்டாள். அங்கே யாரும் விரும்பிப் போக மாட்டார்கள். வாந்தியும் மலமும் பட்ட துணிகளைக் கையுறை போட்டுக்கொண்டு தரம் பிரிக்கும் இடம்.

அவள் மேல் காலேஜுக்குப் பாசம் பொங்கியது. பாசம் என்றுதான் அதற்குப் பெயர் வைத்துக்கொண்டாள். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு பிரிக்கும் அறை வாசலுக்குப் போய் அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். ஒருநாள் கையுறைக்குள் பூசிக்கொள்ளக் களிம்பு வாங்கிக் கொடுத்தாள். புதுசு டப்பியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லல."

"தெரியும்மா."

"நீங்க ஒருத்தர்தான் என்னை நம்புறீங்க" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கியது.

அந்தச் சோறு காலேஜுக்கு இறங்கவில்லை. தண்ணீர் குடித்துத் தள்ளினாள். வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நெற்றியைத் தேய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "நீ பேரு எதுவும் போடலயே. விடு, நாலு நாள்ல பழகிடும்" என்றார். ஆறுதலாகச் சொன்னதுதான். ஆனால் யாருக்குப் பழகும் என்று அவளுக்கு விளங்கவில்லை. கூடத்துச் சுவரில் மகள் ஒட்டிவைத்த பாராட்டுச் சான்றிதழைப் பார்க்காமல் நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள் அவள்.

பத்து நாள் கழித்து மேற்பார்வையாளர் அவளைத் தன் மேஜைக்கு அழைத்தார். வார்டு வாரியான விரிப்புக் கணக்கைச் சரிபார்க்க வேண்டும் என்று பேருக்குச் சொன்னார். தாளைப் பார்த்தபடியே பேசினார்.

"எனக்கு மெமோ குடுத்திருக்காங்க."

"எதுக்கு சார்?"

"விசில் அடிச்சதுக்கு."

அவர் கணக்குத் தாளில் ஒரு கோடு போட்டார்.

"ஆபீசர் கூப்பிட்டுக் கேட்டாரு. 'நீங்க படியிறங்கும்போது விசில் அடிப்பீங்களாமே, அதுதான் அவங்களுக்கு சிக்னலாமே' அப்படின்னாரு. கட்டுரையில வந்துச்சாம். ஓட்டல்னு போட்டிருந்தாலும், ஏழு மெஷின்னதும் நம்ம இடமோன்னு அவருக்குச் சந்தேகம் வந்துதாம். இந்த டிபார்ட்மெண்ட்ல கட்டுரை எழுதுற ஆளு எத்தனை பேரு இருக்காங்க?" அவர் குரலை உயர்த்தவே இல்லை. "எனக்கு விசில் அடிக்கிற பழக்கமே கிடையாதும்மா. என் வீட்டுல கேட்டுப் பாரு. பெரியக்கா கால் வலியப் பார்த்துட்டு, எட்டு வருஷமா அந்தப் படியில மட்டும் அடிச்சிட்டு வந்தேன்."

"சார்..."

"நான் யார்கிட்டயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன். ஆனா அந்த விசில மட்டும் எழுதாம விட்டிருக்கலாம்." தாளை மடித்தார். "கணக்கு சரியா இருக்கு. போ."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். எட்டு வருடமாக அந்த மனிதர் செய்த ஒரு நல்ல காரியத்தை, புரிந்துகொள்ளாமலேயே, கவனமாகக் குறிப்பெடுத்து, படி எண்ணிக்கையோடு எழுதிக் கொடுத்திருக்கிறாள். விரிவுரையாளர் அந்த வரிக்குப் பக்கத்தில் 'அருமை' என்று எழுதியிருந்தார்.

மறுநாள் கட்டுரையைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். சாப்பாட்டு வேளையில் பிரிக்கும் அறைக்குப் போய், "இன்னிக்கு உள்ள வா" என்று புதுசுவின் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். உடை மாற்றும் அறையில் எல்லோரும் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்கள். புதுசுவைக் கண்டதும் பேச்சு நின்றது.

"நான் ஒண்ணு படிக்கப் போறேன். முடியற வரைக்கும் யாரும் எழுந்து போகக் கூடாது" என்றாள். நின்றுகொண்டே படித்தாள்.

முதல் பக்கத்தில் இது ஏதோ பாடம் என்று நினைத்துப் பாதிப் பேர் சாப்பிட்டபடி இருந்தார்கள். சிவப்புக் கிளிப் வந்தபோது ஒருத்தி சிரித்தேவிட்டாள். "ஏய், இது நம்ம கிளிப்பு" என்றாள். பிறகு அவள் சிரிப்பும் நின்றது. டப்பா மூடும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. முழங்கால் பட்டை வருகிற பத்திக்கு வந்தாள். தாண்டிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். தாண்டவில்லை. 'ஒரு தொழிலாளி அங்கே தூங்குவதில்லை. அந்த இருபது நிமிடமும் அழுகிறார்.'

"அது நான்தானே?" என்றார் பெரியக்கா.

"ஆமாக்கா."

"எட்டிப் பாத்தியா?"

"ஆமா."

பெரியக்கா சுவரைப் பார்த்துக்கொண்டார். "ம். படி" என்றார்.

படித்து முடித்தாள். இதை எங்கே கொடுத்தாள், யார் கேட்டார்கள், என்ன படிவத்தில் என்ன எண்ணைப் போட்டுக் கையெழுத்திட்டாள், எல்லாவற்றையும் சொன்னாள். புதுசு ஒரு பாவமும் அறியாதவள் என்பதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. விசிலைப் பற்றியும் சொன்னாள். மன்னிப்பும் கேட்டாள், அந்த வார்த்தை அந்த அறைக்குள் எங்கேயும் போய் ஒட்டவில்லை.

கடைசியில் ஒருத்தி கேட்டாள். "எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவீங்கன்னு..."

"வேணாம்னுதான் சொல்லியிருப்போம்" என்றாள் அவள். "அதுக்குத்தானே கேக்கறது."

புதுசு எழுந்தாள். களிம்பு டப்பியை மேலங்கிப் பையிலிருந்து எடுத்து, காலேஜுக்குப் பக்கத்தில் பெஞ்சின் மேல் வைத்தாள். "தினம் வந்து பக்கத்துல உக்காந்து சாப்பிட்டீங்களே அக்கா" என்றாள். கோபமாகக்கூட இல்லை, நம்பவே முடியாதவளைப் போலச் சொன்னாள். வெளியே போய்விட்டாள்.

பெரியக்கா டப்பாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். "எழுத்து நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு இடத்துல தப்பு" என்றார். "நான் கால் வலிக்காக அழுவலை. வீட்டுல அழ இடம் இல்ல, அதுக்காக அழுதேன்." சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்தபடி நடந்து போனார்.

ஞாயிறு அவள் விரிவுரையாளரிடம் போய்ப் படிவம் பொய் என்று சொன்னாள். அவர் முகம் வெளுத்தது. "நானும் ஒருதரம் விசாரிச்சிருக்கணும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு, கட்டுரையை ரத்து செய்வதைத் தவிர வழியில்லை, மறுபடி ஒன்று எழுதித்தான் ஆக வேண்டும், அதற்கு அதிகபட்சம் பாதி மதிப்பெண்தான் கிடைக்கும் என்றார். அவள் சரி என்றாள். வீட்டில் சான்றிதழைச் சுவரிலிருந்து உரித்தபோது மகள் ஓடி வந்து தடுத்தாள். உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னாள். மகள் கேட்டுவிட்டு, "நான் அடிக்கும்போதே கேட்டேன்ல, நிஜமான்னு. அவங்களுக்குத் தெரியுமான்னு கேட்டிருக்கணும்" என்றாள். "அது நீ கேக்க வேண்டியது இல்லடி" என்றாள் அம்மா.

சலவைப் பிரிவில் புதுசுவிடம் எல்லோரும் தனித்தனியாகப் போய் வருத்தம் சொன்னார்கள். அவள் மடிக்கும் பக்கத்துக்குத் திரும்பி வந்தாள். இந்த முறை விரிப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் கிடைக்காதது காலேஜுக்கு. முதல் மாதம் அவளும் முகவாயில் இடுக்கிக்கொண்டுதான் மடித்தாள். ஒருநாள் எதிரே யாரோ முனையைப் பிடித்து இழுப்பது தெரிந்து நிமிர்ந்தாள், பெரியக்கா. மடித்துவிட்டு அடுத்த விரிப்பை எடுத்தார்.

ஓய்வெடுக்க ஓர் இடம் கேட்டு, ஏழு பேரும் சேர்ந்து நிர்வாக அதிகாரியைப் பார்க்கப் போனார்கள். அதற்கான மனுவை எழுதித் தரச் சொல்லி அவளிடம் கேட்டிருந்தார்கள். ஒவ்வொரு வரியையும் படித்துக் காட்டி, சரியா என்று மற்ற ஆறு பேரிடமும் கேட்டு எழுதினாள். பாதியில் ஒருத்தி, "போதும் காலேஜ், கேட்டுக் கேட்டே கொல்றே" என்றாள். அதிகாரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஒரு மாதம் கழித்துப் படிக்கட்டுக்குக் கீழே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. உட்காரலாம். படுக்க முடியாது. வழியோடு போகிற எல்லோரும் பார்க்கிற இடம், அழவும் முடியாது. மேற்பார்வையாளரின் மெமோ கோப்பிலேயே இருந்தது. அவர் இப்போதெல்லாம் சத்தமில்லாமல் இறங்கி வருவார்.

மறு கட்டுரைக்கு அவள் எடுத்த தலைப்பு, வார்டிலிருந்து கிளம்பும் ஒரு படுக்கை விரிப்பு மறுபடி வார்டுக்குப் போய்ச் சேரும்வரை எத்தனை கைகள் மாறுகிறது என்பது. பத்தொன்பது கைகள். விரிவுரையாளர் தலைப்பைப் படித்துவிட்டு, "இது கொஞ்சம் சாதாரணமா இருக்கே" என்றார். "ஆமா மேடம்" என்றாள் அவள். அந்தப் பத்தொன்பது பேரிடமும் படிவத்தைக் காட்டிக் கையெழுத்துக் கேட்டு முடிக்க அவளுக்கு ஐந்து வாரம் ஆயிற்று. இரண்டு பேர் முடியாது என்றார்கள். அவர்கள் செய்கிற வேலையை விட்டுவிட்டு எழுதினாள். புதுசுவிடம் போய் நின்றபோது, அவள் படிவத்தை முழுசாக இரண்டு தரம் படித்தாள்.

"இதுல என்னைப் பத்தி என்ன வரும்?"

"பிரிக்கிற ரூம்ல நீ என்ன வேலை பாத்தியோ, அது மட்டும்."

"காட்டுவீங்களா, எழுதினதுக்கு அப்புறம்?"

"காட்டுறேன்."

புதுசு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். நன்றி சொல்வதற்குள் திரும்பி மெஷினுக்குப் போய்விட்டாள். எழுதியதைக் காட்டியபோது ஓர் இடத்தில் கையுறையின் நிறம் தப்பு என்றாள், வேறு எதுவும் சொல்லவில்லை. அடுத்த வருடம் புதுசு வேறு வேலை கிடைத்துப் போகும்வரை, அவர்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடவே இல்லை.

கட்டுரைக்கு இருபத்திரண்டு மதிப்பெண் வந்தது. தேர்ச்சிக்கு அது போதும்.